தமிழ்க் குறுஞ்செய்தியை ஏபிஐ வழியே அனுப்பப் போகிறீர்களா? யூஆர்எல் என்கோடிங்கை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்

ஒரே ஒரு & குறி எனக்கு ஒன்பது நாளைத் தின்றது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வழிக்கு வருகிறேன்.

தெரிந்த துணிக்கடைக்காரர் ஒருவருக்குச் சின்ன நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். தைக்கக் கொடுத்த துணி தயாரானதும் வாடிக்கையாளருக்குத் தமிழில் குறுஞ்செய்தி போக வேண்டும், அவ்வளவுதான். என் நிரல் செய்தியை ஏபிஐ வழியே, அதாவது நிரலும் நிரலும் பேசிக்கொள்ளும் வாசல் வழியே, கேட்வேக்குக் கொடுக்கும்; அதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கடத்தும் சேவைதான் கேட்வே. கடைப் பெயரின் வாலில் '& சன்ஸ்' உண்டு. நான் சோதித்துப் பார்த்த செய்தியில் கடைப் பெயர் இல்லை, அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. உண்மையான செய்தியைப் போட்டதும் கேட்வே 'ஏற்றுக்கொண்டோம்' என்று பதில் சொன்னது, காசையும் கழித்துக்கொண்டது. அரை மணி கழித்து டெலிவரி ரிப்போர்ட்டில் 'டெம்ப்ளேட் பொருந்தவில்லை' என்று வந்து நின்றது. டெம்ப்ளேட் என்பது முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்த செய்தி வாசகம். நான் அதைத்தான் சந்தேகப்பட்டேன். அதைத் திருத்தி மறுபடி அனுமதிக்குப் போட்டேன். நிராகரித்தார்கள். இன்னொரு முறை போட்டேன். அனுமதி வந்தது, செய்தி அப்போதும் போகவில்லை. கேட்வே பக்கத்துப் பதிவேடான லாகைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: செய்தி கடைப் பெயரின் பாதியிலேயே முடிந்திருந்தது. & வந்த இடத்தில் வெட்டு.

டெம்ப்ளேட்டில் தொடக்கத்திலிருந்தே ஒரு குறையும் இல்லை. என் நிரல் கட்டிய இணைய முகவரியில், அதாவது யூஆர்எல்லில்தான் குறை. நீங்களும் இதே குழியில் விழ வேண்டாம் என்பதற்காகப் படிப்படியாக எழுதுகிறேன். குறுஞ்செய்தியை உதாரணமாக எடுத்தாலும், யூபிஐ கட்டண இணைப்பு, வாட்ஸ்அப் இணைப்பு, தேடல் பக்கம் என்று கேள்விக்குறிக்குப் பின்னால் மதிப்பு போகும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

ஒரு சின்ன ஏற்பாடு: என்கோட் செய்வது என்றால் ஒரு குறியை % போட்ட குறியீடாக மாற்றுவது. அப்படி வரும் குறியீடுகளில் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று நான் எழுதும் இடத்தில் அந்தந்த ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துப் படியுங்கள். '%2பி' என்றால் சதவீதக் குறி, இரண்டு, ஆங்கில பி.

1. நிரலைத் திறக்கும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி, அனுப்புநரையும் செய்தி வாசகத்தையும் பதியும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அங்கிருந்து மூன்று கிடைக்கும்: நிறுவனத்துக்கான எண்டிட்டி ஐடி, அனுப்புநர் பெயரான ஹெடர், ஒவ்வொரு செய்திக்கும் ஒரு டெம்ப்ளேட் ஐடி. மூன்றையும் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த ஐடிகள் 19 இலக்க எண்கள். அவற்றை எக்செல்லில் ஒட்டினால் 15 இலக்கத்துக்குப் பின் எல்லாம் பூஜ்யமாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்ணாக வைத்தாலும் இதே கதிதான். 9007199254740991 வரைதான் அது துல்லியமாகக் கணக்கு வைக்கும், அது 16 இலக்கம். ஆகவே ஐடியை எப்போதும் மேற்கோளுக்குள், சரமாகவே (வெறும் எழுத்துத் தொடராகவே) வையுங்கள். என்கோடிங்கைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நண்பரின் சிக்கல் உண்மையில் இதுதான்.

அனுமதி பெற்ற டெம்ப்ளேட்டின் வாசகத்தைத் தளத்திலிருந்தே நேரடியாக நகலெடுத்து, சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் சேமியுங்கள். வேர்டில் வைத்துத் திருத்தாதீர்கள். அங்கே தட்டச்சு செய்யும் நேர் மேற்கோளை அது வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். பார்க்க அழகாக இருக்கும், கணினி உள்ளே சேமிக்கும் பைட்டுகளோ வேறு.

கேட்வே நிறுவனத்திடம் மின்னஞ்சலில் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

- செய்தியை யூடிஎஃப்-8 ஆக (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) எடுத்துக்கொள்கிறீர்களா?
- தமிழுக்குத் தனியாக யூனிகோட் என்று பாராமீட்டர் (பெயரும் மதிப்புமான ஜோடி) போட வேண்டுமா?
- இடைவெளிக்கு + வேண்டுமா, %20 வேண்டுமா, இரண்டும் சரியா?
- கெட் (மதிப்புகள் முகவரியிலேயே போவது) தவிர போஸ்ட் (கோரிக்கையின் உடம்பில் போவது) முறையிலும் அனுப்பலாமா?

கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். ஏன் என்பதை 7-ஆம் படியில் சொல்கிறேன்.

2. முகவரியை நான்காக வெட்டிப் பாருங்கள்

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது போக வேண்டிய இடம். பின்னால் இருப்பது குவெரி. குவெரிக்குள் பெயரையும் மதிப்பையும் = பிரிக்கிறது, ஒரு ஜோடியை அடுத்த ஜோடியிலிருந்து & பிரிக்கிறது. # வந்தால் அதற்குப் பிறகு இருப்பது சர்வருக்கே போகாது, பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

நான் முதலில் எழுதியது ஏறக்குறைய இப்படி:

உதாரணம்.காம்/அனுப்பு?எண்=...&செய்தி=துணி தயார். வேலன் & சன்ஸ்

நமக்கு & என்றால் 'மற்றும்'. சர்வருக்கு அது 'அடுத்த பாராமீட்டர் ஆரம்பம்'. அது செய்தியை 'துணி தயார். வேலன்' என்று முடித்துக்கொண்டு, 'சன்ஸ்' என்ற பெயரில் மதிப்பே இல்லாத புதிய பாராமீட்டர் வந்ததாக எடுத்துக்கொண்டது. தெரியாத பாராமீட்டரைப் பெரும்பாலான சர்வர்கள் சத்தமில்லாமல் தள்ளிவிடும். அதனால்தான் பிழை எதுவும் வரவில்லை.

என்கோட் செய்வது என்பது, பிரிக்கும் வேலைக்கு ஒதுக்கப்பட்ட குறிகள் மதிப்புக்குள் வந்தால் அவற்றுக்கு வேஷம் போட்டு அனுப்புவது. எதிர்முனையில் சர்வர் முதலில் பிரிக்கும், அப்புறம் வேஷத்தைக் கலைக்கும். இந்த வரிசை மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

3. எந்தக் குறி எதை உடைக்கும்

ஆர்எஃப்சி 3986 என்ற தரவிதியின்படி ஆங்கில எழுத்துகள், எண்கள், அவற்றோடு - . _ ~ ஆகிய நான்கு குறிகள், இவ்வளவுதான் எங்கும் அப்படியே போகலாம். நடைமுறையில் தொல்லை கொடுப்பவை இவை:

& என்பது %26. மதிப்பைப் பாதியில் வெட்டும்.
# என்பது %23. 'கதவு எண் #12' என்று முகவரி எழுதினால் 12 போகாது, அதற்குப் பின்னால் இருக்கும் பாராமீட்டர்களும் சேர்ந்தே காணாமல் போகும்.
% என்பது %25. ஆடித் தள்ளுபடிச் செய்தி எழுதுகிறவர்கள் கவனியுங்கள். '50% தள்ளுபடி' என்று அப்படியே விட்டால், % வந்ததும் அடுத்த இரண்டு இடத்தையும் குறியீடு என்று நினைத்துச் சர்வர் தடுமாறும். சில சர்வர்கள் 400 பிழை தரும், சில எதையாவது எடுத்துக்கொண்டு போகும்.
+ என்பது %2பி. விடாமல் இடைவெளியாக மாறும்.
= என்பது %3டி. ஏபிஐ சாவியின் கடைசியில் அடிக்கடி வரும்.
புதிய வரி என்பது %0ஏ. விண்டோஸ் கோப்பிலிருந்து வந்தால் %0டி%0ஏ என்று இரண்டாக வரும், டெம்ப்ளேட்டில் ஒன்றுதான் இருக்கும்.

+ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் இது இரண்டு இடத்தில் கட்டாயம் வரும். முதலாவது போன் எண். +91 என்று அனுப்பினால் மறுமுனையில் இடைவெளியும் 91-உம் வந்து நிற்கும். கறாரான சர்வர் 'எண் தவறு' என்று சொல்லும். இரண்டாவது நேரம். நம் நேர வலயத்தோடு எழுதும் நேரம் +05:30 என்று முடியும். 'காலை 9 மணிக்கு அனுப்பு' என்று நேரம் குறித்துப் போட்டால், + போய், சர்வருக்கு அந்த நேரம் புரியாமல் போகும். லண்டனில் உட்கார்ந்து சோதித்தவர்களுக்கு இது கண்ணில் படாமலே போயிருக்கலாம், அங்கே குளிர்காலத்தில் நேரம் வெறும் இசட் எழுத்தோடு முடிந்துவிடுகிறது.

4. மதிப்பை மட்டும், தனித்தனியாக, ஒரே ஒரு முறை

மொத்த யூஆர்எல்லையும் ஒட்டி முடித்துவிட்டு என்கோட் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால், ஒன்று பிரிப்பதற்கான & = குறிகளும் சேர்ந்து மறைந்துவிடும், இல்லையென்றால் எதை மறைப்பது எதை விடுவது என்று தெரியாமல் நிரல் எல்லாவற்றையும் விட்டுவிடும். மதிப்பு ஒவ்வொன்றையும் தனியாக என்கோட் செய்து, பிறகு = மற்றும் & வைத்துக் கோத்துவிடுங்கள். அதைவிட நல்லது, கோக்கும் வேலையையும் நூலகத்திடமே (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பிடமே) விடுவது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரே மாதிரிப் பெயரோடு மூன்று பேர் நிற்கிறார்கள். 'என்கோட்யூஆர்ஐ' மொத்த முகவரிக்கானது, அது & + = # எதையும் தொடாது. நான் பயன்படுத்தியது இதைத்தான்! 'என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட்' ஒற்றை மதிப்புக்கானது, நமக்கு வேண்டியது இது. மூன்றாவது 'எஸ்கேப்', பழைய வலைப்பக்க நிரல்களில் இன்னும் கிடக்கும். தமிழ் எழுத்தைக் கொடுத்தால் அது %யு என்று தொடங்கும், எந்த யூஆர்எல் தரவிதியிலும் இல்லாத ஒன்றைத் தரும். கண்டால் எடுத்து வீசுங்கள். இவற்றையெல்லாம் விட, 'யூஆர்எல்சர்ச்பாராம்ஸ்' என்பதில் பெயரையும் மதிப்பையும் சேர்த்துவிட்டால் கோப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பைத்தானில் 'ரிக்வெஸ்ட்ஸ்' பயன்படுத்தினால், 'பாராம்ஸ்' என்ற இடத்தில் டிக்‌ஷனரியைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எஃப்-ஸ்டிரிங் வைத்து யூஆர்எல்லைக் கையால் கட்டுவதுதான் வம்பு. 'க்வோட்' என்ற செயற்கூறை நேரடியாக அழைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது / குறியைத் தானாக விட்டுவைக்கும். வேண்டாமென்றால் 'சேஃப்' என்பதைக் காலியாகக் கொடுக்க வேண்டும்.

பிஎச்பியில் 'எச்டிடிபி பில்ட் குவெரி' இருக்கிறது. தனி மதிப்புக்கு 'ராயூஆர்எல்என்கோட்' போதும். வந்ததைப் படிக்கும் பக்கத்தில் பிஎச்பி ஏற்கெனவே டீகோட் செய்துதான் உங்களிடம் தருகிறது. நீங்கள் இன்னொரு முறை டீகோட் செய்தால் செய்தியில் இருந்த உண்மையான + குறிகள் எல்லாம் இடைவெளியாகிவிடும். ஜாவாவின் 'யூஆர்எல்என்கோடர்' வேலைக்கு ஆகும், ஆனால் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் பழைய பதிப்புகளில் அது இயங்கும் கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறும். உங்கள் மடிக்கணினியில் ஓடும், சர்வரில் ஓடாது.

கையால் 'ரீப்ளேஸ்' எழுதி மாற்றலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இடைவெளியை %20 ஆக்கி, & குறியை %26 ஆக்கி, கடைசியில் % குறியை %25 ஆக்கினேன். முன்னால் போட்ட %20 எல்லாம் %2520 ஆகிவிட்டது. வேண்டாம் அந்த வேலை.

5. இடைவெளி: + என்றா, %20 என்றா?

இரண்டும் புழக்கத்தில் உண்டு. வலைப் படிவங்களின் வழக்கத்தில் + என்றால் இடைவெளி. பொதுவான யூஆர்எல் விதியில் + என்பது வெறும் + தான். ஜாவாஸ்கிரிப்ட்டின் யூஆர்எல்சர்ச்பாராம்ஸ், பைத்தானின் யூஆர்எல்என்கோட், ஜாவாவின் யூஆர்எல்என்கோடர் மூன்றும் + தருகின்றன. என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட் %20 தருகிறது.

சாதாரண வலை சர்வர் இரண்டையும் புரிந்துகொள்ளும். சிக்கல் வருவது சர்வருக்குப் போகாத இணைப்புகளில். மெயில்-டூ இணைப்பில் + இடைவெளியாகாது, மின்னஞ்சல் தலைப்பு 'துணி+தயார்' என்றே வந்து நிற்கும். யூபிஐ, வாட்ஸ்அப் போல மொபைல் செயலியைத் திறக்கும் இணைப்புகளையும் நான் இதே கணக்கில்தான் வைத்திருக்கிறேன். %20 எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் நோட்டு, + சில கடைகளில் மட்டும் வாங்குவார்கள். உங்கள் நூலகம் + மட்டும்தான் தரும் என்றால், என்கோட் ஆகி வந்த சரத்தில் + குறியை %20 ஆக மாற்றிக்கொள்ளலாம். உண்மையான + ஏற்கெனவே %2பி ஆகியிருக்கும், அதனால் பயமில்லை.

6. தமிழுக்கே உரிய தொல்லைகள்

யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். என்கோட் செய்தால் ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து, ஆக ஒன்பது. 'அ' என்பது %ஈ0%ஏஈ%85 ஆகிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறியீடுகள் என்பதால் 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து இருக்கின்றன. என்கோட் செய்தால் 45 எழுத்து.

இதில் ஒரு நன்மையும் உண்டு. தமிழ் எழுத்துகள் எல்லாமே %ஈ0%ஏஈ அல்லது %ஈ0%ஏஎஃப் என்றுதான் தொடங்கும். லாகைத் திறந்ததும் இந்த இரண்டையும் தேடுங்கள். இருந்தால் சரி. %25ஈ0 என்று இருந்தால் இரண்டு முறை என்கோட் ஆகியிருக்கிறது. %சி3%ஏ0%சி2%ஏஈ என்று இருந்தால், நடுவில் யாரோ யூடிஎஃப்-8 பைட்டுகளைப் பழைய மேற்கத்திய எழுத்துக் குறியீடாகப் படித்து மறுபடி என்கோட் செய்திருக்கிறார்கள். அது திரையில் எப்படித் தெரியும் என்பது தமிழில் கொஞ்ச நாள் இணையத்தில் புழங்கிய எல்லோருக்கும் தெரியும்: தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், வரி முழுக்க அதுவே.

அடுத்தது கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாக வைக்கலாம். திரையில் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. டெம்ப்ளேட்டைப் பதிந்தவர் ஒரு விசைப்பலகையிலும், நிரலில் தட்டச்சு செய்தவர் இன்னொன்றிலும் அடித்திருந்தால், பொருத்தம் பார்க்கும் எந்திரம் 'வேறு வேறு' என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. என்கோட் செய்யும் முன் சரத்தை யூனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 'நார்மலைஸ்' என்று ஒற்றை அழைப்பு, பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' தொகுப்பில் இருக்கிறது. டெம்ப்ளேட்டைப் பதியும்போதும் இதே வடிவத்தில் பதியுங்கள்.

'கௌ' எழுதும்போது வலப்பக்கச் சிறகுக்குப் பதில் ள என்ற எழுத்தையே போட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை என்எஃப்சி காப்பாற்றாது, அது எழுத்துப் பிழை. கௌரி, சௌந்தரம் என்று பெயருள்ள வாடிக்கையாளர்களின் பட்டியலை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

பழைய தட்டச்சுக் கருவிகளிலிருந்து வரும் உரையில் அகலமே இல்லாத குறி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். என்கோட் செய்தால் %ஈ2%80%8சி என்று தலைகாட்டும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த இடைவெளி சில நேரம் %சி2%ஏ0 ஆக இருக்கும். இரண்டையும் கண்ணால் பிடிக்க முடியாது, என்கோட் செய்து பார்த்தால்தான் பிடிபடும். அந்த வகையில் என்கோடிங் ஒரு பூதக்கண்ணாடி.

7. காசும் நீளமும்

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து, நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 153. தமிழ் கலந்தால் ஒன்றுக்கு 70, பல துண்டானால் 67. இங்கே எழுத்து என்பது நான் மேலே சொன்ன குறியீட்டுக் கணக்கு, 'தமிழ்' ஐந்து எழுத்து. கட்டணம் துண்டுக்கு இவ்வளவு என்றுதான் வரும்.

இப்போது ஒரு கணக்கு. 120 தமிழ்க் குறியீடும் 10 இடைவெளியும் உள்ள செய்தி 130 எழுத்து, இரண்டு துண்டு. இதைத் தவறுதலாக இரண்டு முறை என்கோட் செய்தால், கேட்வே ஒரு முறை டீகோட் செய்து, மீதியை வெறும் ஆங்கில உரையாக எடுத்துக்கொள்ளும். 1080-உம் 30-உம் சேர்ந்து 1110 எழுத்து, எட்டு துண்டு. டெம்ப்ளேட் பொருத்தம் பார்க்கும் இடத்தில் அது அடிபட்டுப் போகும். பார்க்காத வழியில் போனால் சதவீதக் குறியும் எண்ணுமாக எட்டு துண்டும் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும், நான்கு மடங்கு செலவோடு.

₹ குறி ஆங்கிலக் குறுஞ்செய்தியின் எழுத்துப் பட்டியலில் இல்லை. ஆங்கிலச் செய்தியில் அதை ஒரு இடத்தில் போட்டாலும் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கிவிடும். 'ரூ.' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் காசு மிச்சம். வளைந்த மேற்கோளும் இதே வேலையைச் செய்யும்.

நீளத்துக்கு வருவோம். குறைந்தது 8000 பைட் நீள முகவரியையாவது ஏற்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 9110 பரிந்துரைக்கிறது. அப்பாச்சி சர்வரில் கோரிக்கை வரியின் இயல்பு எல்லை 8190. தமிழில் ஒன்றுக்கு ஒன்பது என்று வகுத்தால் சுமார் 880 குறியீட்டில் சுவரில் முட்டிவிடும். அப்போது வருவது 414 பிழை. ஒரு குறுஞ்செய்திக்கு இது தாராளம். ஆனால் நூற்றுக்கணக்கான எண்களையும் செய்தியையும் ஒரே யூஆர்எல்லில் திணிப்பவர்கள் இதைத் தொடுவார்கள். அதற்காகத்தான் போஸ்ட் கேட்டுப் பாருங்கள் என்றேன். போஸ்ட்டில் மதிப்புகள் முகவரியில் தெரியாது, அதனால் ஏபிஐ சாவியும் வாடிக்கையாளர் எண்ணும் வழியிலிருக்கும் ஒவ்வொரு சர்வரின் லாகிலும் பதியாது. படிவ வடிவில் போஸ்ட் செய்தால் உடம்புக்குள்ளும் இதே என்கோடிங் உண்டு, தப்பிக்க முடியாது. ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பினால் தேவையில்லை.

செய்தியை வெட்டிச் சுருக்க வேண்டுமென்றால் என்கோட் செய்வதற்கு முன் வெட்டுங்கள். பின்னால் வெட்டினால் %ஈ0%ஏ என்று பாதிக் குறியீட்டில் நிற்கும். முன்னால் வெட்டும்போதும் உயிர்மெய்யின் நடுவில் கத்தி வைத்தால் 'கி' வெறும் 'க' ஆகிவிடும்.

8. சோதிப்பது எப்படி

முதலில், பிரவுசரின் முகவரிப் பட்டையை நம்பாதீர்கள். அது நம் வசதிக்காகத் தமிழிலேயே காட்டும், நீங்கள் மறந்த என்கோடிங்கைத் தானே செய்தும் கொள்ளும். பிரவுசரில் வேலை செய்த யூஆர்எல் நிரலில் படுத்துக்கொள்வது இதனால்தான். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் உண்மையில் என்ன போனது என்று பாருங்கள்.

கட்டளை வரியில் 'கர்ல்' வைத்துச் சோதிப்பவர்கள் யூஆர்எல்லை மேற்கோளுக்குள் போடுங்கள். போடாவிட்டால் லினக்ஸில் & வந்ததும் கட்டளை பின்னணிக்குப் போய்விடும், முதல் பாராமீட்டர் மட்டும் போகும். அதைவிட, '--கெட்' விருப்பத்தோடு '--டேட்டா-யூஆர்எல்என்கோட்' போட்டால் கர்ல் தானே என்கோட் செய்து முகவரியில் சேர்த்துக்கொள்ளும்.

ஏபிஐ கையேட்டில் உள்ள உதாரண யூஆர்எல்லை நகலெடுக்கும்போது & இருக்க வேண்டிய இடத்தில் 'ஆம்ப்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்எல் வடிவில் எழுதியது அப்படியே வந்திருக்கும். அதை அனுப்பினால் உங்கள் பாராமீட்டரின் பெயரே மாறிவிடும்.

நான் இப்போது எந்தப் புதிய கேட்வேக்கும் முதலில் அனுப்பும் சோதனை மதிப்பு இது:

கொ & கௌ + 50% #7 = ?

குறுஞ்செய்தியாக அல்ல, முதலில் என்னுடைய சொந்தச் சர்வருக்கு அனுப்பிப் பார்ப்பேன். வந்ததை அப்படியே திருப்பி அச்சிடும் பத்து வரி நிரல் போதும், காசு செலவில்லை. அனுப்பியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த படி. அப்புறம், உண்மையான டெம்ப்ளேட்டில் என் எண்ணுக்கே ஒரு செய்தி. அதன் டெலிவரி ரிப்போர்ட் வரும்வரை இரண்டாவதை அனுப்புவதில்லை, ஏனென்றால் 'ஏற்றுக்கொண்டோம்' என்ற முதல் பதில் கேட்வே சொல்வது, பொருத்தம் பார்ப்பது அதற்குப் பின்னால் இருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனம். எனக்கு ரிப்போர்ட் சில நிமிடத்திலும் வந்திருக்கிறது, அரை மணியிலும் வந்திருக்கிறது.

பொருந்தவில்லை என்று வந்தால் டெம்ப்ளேட்டைத் தொடாதீர்கள். கேட்வேயிடம் அந்தச் செய்தியை அவர்கள் பெற்ற வடிவத்தில் கேளுங்கள், டெம்ப்ளேட்டையும் அதையும் என்கோட் செய்து இரண்டு வரியில் ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். எந்த இடத்தில் முதலில் வேறுபடுகிறதோ அங்கேதான் நோய். எனக்கு இந்த வேலை முடிய நான்கு நிமிடம் ஆனது, பத்தாவது நாள் காலையில்.